நூற்று நாற்பத்திரண்டு

"எத்தினி நாளா இருக்குதுங்க இந்த வலி?"

விக்கிரவாண்டி தாண்டி ரயில் வேகம் எடுக்கும்போது தீனதயாளன் யாரிடமாவது இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பார். எதிரே இருப்பவர் முன்பின் தெரியாதவராக இருப்பார். மயிலத்தில் ஏறும்போது இடுப்பில் கைவைத்து "அம்மாடி" என்று முனகியிருப்பார், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். படுத்தால் வலி கூடுகிறதா, குறைகிறதா? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ஒரு வருடத்தில் எடை இறங்கியிருக்கிறதா? இப்படிப் போகும் கேள்விகள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் கடைசியாக ஒன்று கேட்பார்: "ரத்தம் டெஸ்ட் பண்ணீங்களா? ரிப்போர்ட்டு இருந்தா காட்டுங்க."

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு அன்றாடம் போய்வருகிற கூட்டம் அவருக்கு 'முதுகுவலி சார்' என்று பெயர் வைத்துவிட்டது. ஏதோ ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறவர் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒருமுறை ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார், "ஆளுக்கு எவ்ளோ கமிஷன் குடுக்கறாங்க?" என்று. தீனதயாளன் மறுக்கவில்லை. "அப்படி வெச்சிக்கோங்க. ஆனா டெஸ்ட்டு மட்டும் பண்ணிடுங்க," என்றார்.

விழுப்புரத்தில் தனியார் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அவர் டெக்னீஷியன். வயது ஐம்பத்திரண்டு. ஒல்லி. அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. பக்கத்தில் உட்கார்ந்தால் ஸ்பிரிட் வாசனை லேசாக அடிக்கும். கல்யாண வீட்டில் யாராவது வணக்கம் சொன்னாலும் அவர் பார்வை முதலில் போவது அவர்களுடைய முழங்கை மடிப்புக்குத்தான். நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார். மூன்று இடத்தில் குத்திவிட்டு நரம்பு கிடைக்கவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட கிழவர்கள் இவரிடம் வந்து கையை நீட்டுவார்கள். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். "தோ, முடிஞ்சிட்டுது," என்பார். அவர் அப்படிச் சொல்லும்போது ஊசி இன்னும் உள்ளேயே போயிருக்காது. ஆனால் சொல்லி முடித்த மறுகணம் உண்மையிலேயே முடிந்துவிட்டிருக்கும்.

இருபத்திரண்டு வருடத்து ரஃப் நோட்டுகள் அந்த லேபின் பரணில் இருக்கின்றன. நீள நோட்டுகள், முதுகில் மாதமும் வருடமும் அவர் கையெழுத்தில். குழாயில், கருவியில், கண்ணாடிச் சில்லில் கண்ணால் பார்த்ததை அந்தக் கணமே எழுதிவைப்பது அவர் பழக்கம். அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் அடிப்பார்கள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் அந்த நோட்டைத் தட்டிக் காட்டி, "கம்ப்யூட்டர்ல இருக்கறது நாம சொன்னது. இதுல இருக்கறது ரத்தம் சொன்னது," என்பார். ஒரு வருடமாக அவர் அப்படிச் சொல்வதில்லை.

போன வருடம் சித்திரையில் புதுச்சேரியிலிருந்து ஆர்த்தி என்ற பெண் வந்தாள். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் ஆராய்ச்சி மாணவி. மல்டிபிள் மைலோமா என்று ஒரு நோய். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ஒருவகை அணு கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய். எலும்பை உள்ளிருந்தே அரிக்கும், சிறுநீரகத்தை அடைக்கும், ரத்தத்தைக் குறைக்கும். ஆனால் ஆரம்பத்தில் அது சாதாரண முதுகுவலியாகவும் அசதியாகவும்தான் தெரியும். விழுப்புரம் மாவட்டத்திலிருந்து அந்த மருத்துவமனைக்கு வந்த அறுபத்து நான்கு மைலோமா நோயாளிகளை ஆர்த்தி எடுத்துக்கொண்டிருந்தாள். முதன்முதலில் வலி என்று சொன்ன நாளிலிருந்து நோய்க்குப் பெயர் வைத்த நாள்வரை எத்தனை நாள் போயிற்று, அந்த நாட்கள் எந்த இடத்தில் வீணாயின என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்காக ஊர் ஊராக லேபுகளுக்குப் போய்ப் பழைய ரத்தப் பரிசோதனைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தாள்.

லேப் உரிமையாளர் செல்வகுமார் கம்ப்யூட்டரில் இருப்பதைக் கொடுத்து அனுப்பினால் போதும் என்றார். "ரஃப் நோட்டெல்லாம் எதுக்குப்பா, தூசியை எறக்கிக்கினு." ஆனால் தீனதயாளனுக்கு நோட்டுகளைக் காட்ட ஆசை. தானே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினார். துணியால் துடைத்து மேசையில் அடுக்கினார். ஆர்த்தி கண்கள் விரியப் பார்த்தாள். "இந்த மாதிரி நோட்டு வெச்சிருக்கிற லேபை நான் எங்கேயும் பாத்ததில்ல சார்."

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையும் அதற்குள் மடிப்பில் கிழிந்த ரிப்போர்ட்டும் இருந்தன. பாஞ்சாலி, வயது ஐம்பத்தாறு, முகையூர். அந்தத் தேதிக்கான பக்கத்தைத் தீனதயாளனே தேடி எடுத்துக் கொடுத்தார். ஆர்த்தி ரிப்போர்ட்டையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், நோட்டுல ஈ.எஸ்.ஆர் நூத்தி நாப்பத்திரெண்டு. ரிப்போர்ட்ல நாப்பத்திரெண்டுன்னு இருக்கு. டைப் பண்ணும்போது ஒண்ணு விட்டுப்போச்சா?"

தீனதயாளன் குனிந்து பார்த்தார். அவர் கையெழுத்துதான். 1, 4, 2. அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது.

"ஆமாங்க மேடம். விட்டுப்போயிருக்கும்."

ஆர்த்தி தன் தாளில் 'எழுத்துப் பிழை' என்று குறித்துக்கொண்டாள். டீ குடித்தாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அது பிழை இல்லை.

ஈ.எஸ்.ஆர் என்பது மிகச் சாதாரணப் பரிசோதனை. ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி நேராக நிறுத்திவைப்பார்கள். சிவப்பணுக்கள் மெல்ல அடியில் இறங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதுதான் கணக்கு. அந்த வயதுப் பெண்ணுக்கு முப்பது வரை இருக்கலாம். நூறைத் தாண்டினால் உடம்பில் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று பொருள்.

பாஞ்சாலி வந்ததற்கு ஒரு மாதம் முன்பு, வேறு ஒருவருக்கு நூற்று முப்பது என்று தீனதயாளன் ரிப்போர்ட் கொடுத்திருந்தார். பக்கத்துக் கிளினிக் டாக்டர் அவரைக் கூப்பிட்டனுப்பி, வரிசையில் காத்திருந்த நோயாளிகள் பார்க்க அந்தத் தாளை மேசையில் விசிறி எறிந்தார். "டியூபை சாய்ச்சி வெச்சிட்டு அளந்தியாய்யா? எத்தினி வருஷம் சர்வீஸ் ஒனக்கு?" குழாய் சாய்ந்திருந்தால் அளவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் தீனதயாளனின் குழாய் சாயவில்லை. திரும்பி வந்ததும் செல்வகுமார் தன் பங்குக்குச் சொன்னார்: "அவுரு அனுப்பற பேஷண்ட்டுலதான் நம்ப லேப் ஓடுது. நூறுக்கு மேல வந்தா ஒருதரம் யோசிச்சிப் போடு."

யோசிப்பது என்றால் இன்னொரு குழாயில் ஏற்றி இன்னும் ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்ப்பது. அன்றைக்குப் பாஞ்சாலி பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகையூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். "ஜல்தி குடுத்துடுங்க சார், மாடு கட்டுத்தறியிலயே கெடக்குது." தீனதயாளன் குழாயைப் பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டு. நோட்டில் எழுதினார். அதற்கு முன்பே மைக்ராஸ்கோப்பில் அவள் ரத்தத்தைப் பார்த்திருந்தார். சிவப்பணுக்கள் தனித்தனியாக மிதக்காமல், இட்லித் தட்டுகளை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. அதற்கு என்ன பொருள் இருக்கக்கூடும் என்று படித்த காலத்தில் படித்திருக்கிறார். நூற்று நாற்பத்திரண்டு என்று போட்டால் மறுபடியும் அந்த டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். கம்ப்யூட்டரில் முதல் எண்ணை அடிக்காமல் விட்டார். 42. பார்க்க ஒழுங்காக இருந்தது. அதை யாரும் எறியமாட்டார்கள்.

யாரும் எறியவில்லை. ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும், முதுகுக்கு வலி ஊசியும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். எட்டு மாதம் பாஞ்சாலி அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு நடமாடினாள். அந்த நோய் இருக்கிறவர்களின் சிறுநீரகத்துக்கு அந்த ஊசியே கெடுதல். ஒருநாள் கரும்புச் சோகைக் கட்டு ஒன்றைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. முதுகெலும்பில் இரண்டு கட்டை நொறுங்கியிருந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றிருந்தது.

இதெல்லாம் ஆர்த்தியின் தாளில் இருந்த விவரங்கள். தீனதயாளனுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. அவரை அரித்ததும் அதுதான். செய்ததைவிட, செய்ததை மறந்திருந்தது. அந்த 42ஐ அடித்த அன்று சாயங்காலம் திண்டிவனத்தில் இறங்கி, ஸ்டேஷன் வாசலில் சூடாக நாலு பஜ்ஜி வாங்கித் தின்றது நினைவுக்கு வந்தது. நல்ல பசி அன்றைக்கு.

நான்கு நாள் கழித்து மனைவி பரிமளாவிடம் சொன்னார். காலையில் அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அந்தப் பொண்ணே பிழைன்னு எழுதிக்கினு பூட்டாளே. அப்பால இன்னாத்துக்கு நீங்களா போய் மாட்டிக்கினு? வேலை போனா இந்த வயசுல எவன் குடுப்பான்?"

அவள் சொன்னது அவருக்கும் தோன்றியதுதான். நான்கு நாளாக அதையேதான் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு எண் விட்டுப்போவது உலகத்தில் நடக்காததா? கேட்கிற எவரும் நம்புவார்கள். நம்பியும் ஆகிவிட்டது.

பரிமளா தட்டை அவர் முன் வைத்தாள். "அந்தம்மா இப்ப எப்டி கீறாங்க?"

தீனதயாளன் கை தட்டில் நின்றது. அவருக்குத் தெரியாது. ஆர்த்தி ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் நோட்டின் அழகைப் பற்றிப் பேசினார், பழைய மைக்ராஸ்கோப்பைப் பற்றிப் பேசினார். பாஞ்சாலி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவில்லை.

அன்றைக்கு அவர் விழுப்புரம் போகவில்லை. திண்டிவனத்திலிருந்து நேரே புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார்.

மருத்துவமனையில் ஆர்த்தியின் அறை ரத்த நோய்ப் பிரிவின் வராந்தாக் கடைசியில். அவள் வரும்வரை பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு இடுப்பிலிருந்து மார்புவரை பெல்ட். ஒருவர் கைத்தாங்கலுக்குச் சட்டம் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர், "இருமுனேங்க, வெலா எலும்பு ஒடஞ்சிட்டுது," என்று ஏதோ வேடிக்கையைச் சொல்வதுபோலச் சொன்னார். "நீங்க யாருக்குங்க வந்திருக்கீங்க?" என்று கேட்டார். மரக்காணம் பக்கத்து மீன்காரர் அவர். அவருக்கு எந்த லேப் எந்த எண்ணைக் கொடுத்திருக்கும் என்று தீனதயாளன் மனம் தன்னையறியாமல் கணக்குப் போட்டது.

ஆர்த்தியிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை. "மேடம், அது விட்டுப்போகல. நான்தான் விட்டேன். உங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

ஆர்த்தி கம்ப்யூட்டரைத் திறந்து, தாளிலிருந்து ஏற்றி வைத்திருந்த 'எழுத்துப் பிழை'யை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். அவள் கேட்டது வேறு.

"இன்னும் எத்தனை பேருக்கு இப்படிப் பண்ணீங்க சார்?"

தீனதயாளன் அதை யோசித்திருக்கவே இல்லை.

"பாஞ்சாலியம்மா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்காங்க. ஆறு மாசம் டயாலிசிஸ்ல இருந்தாங்க. ஊசி மருந்து கேட்டதால கிட்னி கொஞ்சம் திரும்பிடுச்சி, இப்ப டயாலிசிஸ் இல்ல. முதுகு திரும்பாது. இதை நான் என் கைடுகிட்ட சொல்லியாகணும் சார். அவங்களுக்கும் நாங்க சொல்லியாகணும். நீங்க வரணும்னு இல்ல."

"நானே போய் சொல்றேங்க."

அதற்கு முன் ஒரு வேலை இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, லேப் மூடியிருந்த பகல் பொழுதில், பரணிலிருந்து நோட்டுகளை மறுபடி இறக்கினார். இம்முறை துடைக்கவில்லை. டாக்டரிடம் திட்டு வாங்கிய நாளிலிருந்து, எண்கள் மறுபடி பொருந்திவந்த இடம்வரை, ஐந்து மாதத்து நோட்டுகளை வரிவரியாகக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டார். அந்த ஐந்து மாதத்தில் நூறைத் தாண்டிய ஒன்றுகூட ரிப்போர்ட்டில் நூறைத் தாண்டவில்லை. பாஞ்சாலி போக இன்னும் நான்கு பேர். பட்டியல் எழுதி ஆர்த்திக்கு அனுப்பினார். மருத்துவமனை ஆட்கள் அந்த நால்வரையும் தேடிப் போனார்கள். இரண்டு பேருக்கு மூட்டு வாதம், வேறெங்கோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் காசநோய், தாமதமாகத்தான் தெரிந்ததாம், மருந்தில் தேறியிருந்தார். கண்டமங்கலத்துக்காரர் ஒருவர் இறந்துபோயிருந்தார். மாரடைப்பு என்றார்கள் வீட்டார். தீனதயாளன் அதை நம்பத்தான் விரும்பினார்.

முகையூருக்கு அவர் போனபோது மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலையைப் பிடுங்கி முடித்திருந்தார்கள். ஊருக்கு வெளியே களத்தில் வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் செடியைக் கையில் பிடித்துக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் பெல்ட் போட்ட உடம்போடு ஒருத்தி. தீனதயாளனுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு லேபுக்கு வந்தவள் நல்ல உயரம். இவள் நாற்காலியின் கைப்பிடிக்கு மேல் தலையும் தோளுமாக மட்டும் தெரிந்தாள்.

"வாங்க சார். புதுச்சேரியிலருந்து போன் வந்துது, லேப் சார் வர்றாருன்னு," என்றாள் பாஞ்சாலி. அவளுக்கு அவரைத் தெரிந்திருந்தது. "நீங்கதான அன்னிக்கு எடுத்தது? ஊசி போட்டதே தெரியல. அப்பால எத்தினி பேரு குத்திட்டாங்க, ஒருத்தருக்கும் அந்தக் கை வரல."

புருஷன் நடராசன் கயிற்றுக்கட்டிலைத் தட்டிப் போட்டார். சூடாக வேகவைத்த மல்லாட்டை ஒரு தட்டில் வந்தது. தீனதயாளன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொடாமல் இருந்தார். அப்படியே சொன்னார். ரத்தம் சொன்னது நூற்று நாற்பத்திரண்டு, தாளில் போட்டது நாற்பத்திரண்டு.

"மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

"இல்லீங்க. தெரிஞ்சிதான் வுட்டேன்."

"ஏன்?"

"டாக்டர் திட்டுவாருன்னு."

சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்பது அவர் காதில் விழுந்தது. காய் ஆயும் சத்தம் நின்றுவிட்டது. நடராசன் எழுந்து வந்து அவர் மடியிலிருந்த தட்டை எடுத்து அப்பால் வைத்தார். "எழுந்து போய்யா," என்றார். குரல் உயரவில்லை. "பொம்பள ஆளுங்க இருக்கற எடம். எழுந்து போயிடு."

தீனதயாளன் எழுந்தார். பாஞ்சாலி கையை நீட்டித் தடுத்தாள், புருஷனை.

"அப்பவே தெரிஞ்சிருந்தா நான் நேரா நின்னிருப்பேனா?"

"நிச்சயமா சொல்ல முடியாதுங்க. நின்னிருக்கலாம். கிட்னிக்கு அவ்ளோ ஆகியிருக்காதுன்னு சொல்றாங்க."

அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் யாரோ போட்ட ஒரு செடி. அதன் காயை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கீழே போட்டாள். எல்லாம் தீர்ந்த பிறகு நிமிர முடியாத தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணுன்னா இன்னா, ஒரு கோடு. மேலருந்து கீழ ஒரு கோடு. அத்த இழுக்க உனக்கு மனசு வரல."

அதுவரை 'நீங்க' என்றவள். தீனதயாளன் கைகட்டி நின்றார். மன்னித்துவிடுங்கள் என்ற சொல்லைப் பஸ்ஸில் வரும்வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தார். அவ்விடத்தில் அது வாயை விட்டு வரவில்லை. வந்திருந்தால் அவள் முதுகின்மேல் இன்னொரு சுமையாகத்தான் இருந்திருக்கும். பதில் சொல்லவேண்டிய சுமை. களத்தைக் கடந்து ரோட்டுக்கு நடந்தார். பின்னால் காய் ஆயும் சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் தொடங்கியது.

மருத்துவமனையிலிருந்து லேபுக்குக் கடிதம் வந்தபோது செல்வகுமார் கொதித்துப்போனார். "லேப்பையே மூட வைக்கறியா நீ? நானா ஒண்ணை வுடச் சொன்னேன்? யோசிச்சிப் போடுன்னுதான சொன்னேன்?" அதற்குத் தீனதயாளன், "ஆமாங்க, நீங்க சொல்லல," என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அந்தக் கை வேறு எந்த லேபிலும் இல்லை என்பது செல்வகுமாருக்குத் தெரியும். ஆனால் ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் பார்த்துச் சொல்லும் எண்களுக்குக் கீழே கையெழுத்திடுபவள் கலைப்பிரியா. மூன்று வருடம் முன்பு அவரிடமே ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டவள். தாளை அவள் முன் நீட்டும்போது அவள்தான் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொள்கிறாள். அவர் அருகிலேயே நிற்கிறார். கையெழுத்திட்டு முடிக்கும்வரை நகர்வதில்லை.

ஆர்த்தியின் ஆய்வு முடிந்துவிட்டது. அச்சான பிரதி ஒன்றை அவளே கொண்டுவந்து காட்டினாள். அறுபத்து நான்கு பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, நோய்க்குப் பெயர் வைப்பதற்கு மாதக்கணக்கில் முன்பே ஏதோ ஒரு லேப் தாளில் அறிகுறி இருந்திருக்கிறது. ரத்தக்குறைவு ஒரு தாளில், புரத அளவு வேறொன்றில், ஈ.எஸ்.ஆர் இன்னொன்றில். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க ஆளில்லை. நடுப்பக்கத்தில் ஒரு அட்டவணை. தாமதத்தின் காரணங்கள் ஒவ்வொன்றும் ஒரு வரிசை. கடைசி வரிசையைத் தீனதயாளன் விரலால் தேடிப் போனார். 'பரிசோதகர் முடிவை மாற்றியது' என்று பொருள்படும் ஆங்கில வரி. பக்கத்தில் எண்ணிக்கை: 1.

"யார் பேரும் இதுல வராது சார். ஊர் பேரு, லேப் பேரு எதுவும்," என்றாள் ஆர்த்தி, ஆறுதலாக.

அந்த வார்த்தை கேட்டதும் நெஞ்சில் ஏதோ தளர்ந்ததை அவர் உணர்ந்தார். தளர்ந்ததற்காக உடனே கூசினார்.

அந்த வாரத்திலிருந்துதான் ரயிலில் கேட்கத் தொடங்கினார். இதுவரை கேட்டவர்களில் இரண்டு பேரைப் புதுச்சேரிக்கு அனுப்பியிருக்கிறார். ஒருவருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்கு இருந்தது, எலும்பு முறிவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. பரிமளா கேட்டபோதும், "இன்னாத்த பெருசா," என்று பேச்சை மாற்றிவிட்டார்.

பாஞ்சாலி இப்போதும் வருகிறாள். மாதம் ஒருமுறை, புதுச்சேரிக்கு ஊசிக்குப் போவதற்கு முன்பாக, ரத்த அளவும் சிறுநீரக அளவும் பார்த்துக்கொண்டுபோக வேண்டும். விழுப்புரத்தில் வேறு லேபுகள் இருக்கின்றன. முதல்முறை வந்தபோது நடராசன் வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. இன்றுவரை வருவதில்லை. கலைப்பிரியா ஊசியோடு அருகே போனாள். பாஞ்சாலி அவளைத் தாண்டி உள்ளே பார்த்து, "அவன் இல்லியா?" என்று கேட்டாள். தீனதயாளன் வந்தார். வழக்கமாகச் சொல்லும் 'தோ, முடிஞ்சிட்டுது' என்பதை அன்று சொல்லவில்லை. சொல்லாமலேயே எடுத்து முடித்தார்.

"அந்த டெஸ்ட்டும் வை," என்றாள் அவள்.

"எதுங்க?"

"ஒண்ணு வுட்டியே, அது."

டாக்டர் எழுதித்தராத பரிசோதனை அது. அவளுடைய நோயின் போக்கைப் பார்க்க இப்போது வேறு நுட்பமான பரிசோதனைகள் இருக்கின்றன. அவர் விளக்கவில்லை. குழாயில் ரத்தத்தை ஏற்றிச் சட்டத்தில் நிறுத்தினார். பாஞ்சாலி தன் நாற்காலியை அந்தச் சட்டத்துக்கு நேர் எதிரே இழுத்துப் போடச் சொன்னாள். வளைந்த முதுகோடு உட்கார்ந்தால் அவள் கண் குழாய்க்குச் சரிமட்டத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் அவள் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் இப்படித்தான். அவள் உட்கார்ந்திருக்க, மற்ற வேலையைப் பார்த்துக்கொண்டே அவர் அவ்வப்போது அந்தப் பக்கம் போவார். ஒருமுறை மட்டும், "ஒன் பொஞ்சாதிக்கு இத்தெல்லாம் தெரியுமா?" என்று கேட்டாள். "தெரியுங்க," என்றார்.

போன செவ்வாய்க்கிழமையும் வந்திருந்தாள். மணி முடிந்தது. தீனதயாளன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டோடு வந்து குனிந்தார். அவர் பார்ப்பதற்குள் பாஞ்சாலியின் கை நீண்டது. தெளிந்த நீரும் சிவப்பும் பிரியும் இடத்தில், மண் கறை ஏறிய கட்டைவிரல் நகத்தைக் கண்ணாடிமேல் அழுத்தி வைத்தாள். அவளுக்கு எழுத்து வராது, எண் தெரியும். பக்கத்தில் அச்சிட்ட எண்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கண்ணால் தொட்டு இறங்கினாள்.

"முப்பத்தி எட்டு," என்றார் அவர்.

"முன்னால ஒண்ணு இருக்குதா?"

"இல்லீங்க. இப்ப இல்ல."

"எழுது."

அவர் எழுதினார். நோட்டைத் திருப்பி அவள் பக்கம் காட்டினார். அவள் எண்ணைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள். அதன் பிறகுதான் நகத்தை எடுத்தாள்.